போஸ்ட்கிரெஸில் டிஸ்க் நிரம்புகிறதா? டெலீட் அடிக்கும் முன் இதைப் பாருங்கள்

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் ஓடும் சர்வரில் டிஸ்க் 95 சதவீதம் நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வந்ததும், பழைய பதிவுகளை அழிக்கலாம் என்றுதான் முதலில் கை போகும். நானும் ஒருமுறை ராத்திரி உட்கார்ந்து பத்து லட்சம் வரிசைகளை டெலீட் செய்தேன். காலையில் பார்த்தால் இடம் கூடவில்லை, இன்னும் குறைந்திருந்தது!

போஸ்ட்கிரெஸ் டெலீட் செய்த வரிசையை உடனே கோப்பிலிருந்து எடுத்துவிடாது. செத்த வரிசை என்று குறித்து அங்கேயே வைத்திருக்கும். போதாததற்கு, ஒவ்வொரு அழிப்பையும் வால் (WAL) என்ற, மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேட்டில் வேறு எழுதும். அந்தப் பதிவேடு பல கோப்புகளாக இருக்கும், ஒவ்வொன்றும் வழக்கமாக 16 எம்பி.

படி 1: இடத்தைத் தின்பது எது?
லினக்ஸில் டிஎஃப் கட்டளையால் எந்த டிஸ்க் நிரம்பியது என்று பாருங்கள். அப்புறம் போஸ்ட்கிரெஸின் டேட்டா ஃபோல்டருக்குள் டியூ கட்டளையால் எந்த ஃபோல்டர் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். 'பேஸ்' பெருத்திருந்தால் டேபிள்கள் காரணம். வால் கோப்புகள் இருக்கும் 'பிஜி_வால்' பெருத்திருந்தால் கதை வேறு.

படி 2: பிஜி_வால் பெருத்திருந்தால்
அதிலுள்ள கோப்புகளைக் கையால் அழிக்கவே கூடாது. முன்பு இதன் பெயர் பிஜி_எக்ஸ்லாக். பெயரில் 'லாக்' இருக்கிறதே, பழைய லாக்தானே என்று அழித்து டேட்டாபேஸையே தொலைத்தவர்கள் உண்டு. அதனால்தான் 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் பெயரையே மாற்றினார்கள்.

பெரும்பாலும் குற்றவாளி, யாரும் பயன்படுத்தாத ரெப்ளிகேஷன் ஸ்லாட். அதாவது, இன்னொரு சர்வர் வந்து படிக்கும்வரை வால் கோப்புகளை அழிக்காமல் பிடித்துவைக்கும் ஏற்பாடு. பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் என்ற வியூவில் 'ஆக்டிவ்' ஃபால்ஸ் என்று இருப்பதைத் தேடுங்கள். அது தேவையில்லை என்று உறுதியானால் மட்டும் நீக்குங்கள். போஸ்ட்கிரெஸ் அவ்வப்போது மாற்றங்களை டேட்டா கோப்புகளில் எழுதி முடிக்கும் செக்பாயிண்ட் அடுத்து வரும்போது இடம் விடுபடும். ஸ்லாட்டில் கோளாறு இல்லையென்றால், வால் கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுக்கும் ஆர்க்கைவ் கட்டளை தோற்றுக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: டேபிள் பெருத்திருந்தால்
பிஜி_டோட்டல்_ரிலேஷன்_சைஸ் ஃபங்ஷனால் டேபிள்களை அளவுவாரியாக வரிசைப்படுத்துங்கள். இது, தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸையும் சேர்த்துக் கணக்கிடும். சில சமயம் டேபிளைவிட இண்டெக்ஸ்தான் குண்டாக இருக்கும். நீண்ட நாளாக ஒருமுறைகூடப் பயன்படாத இண்டெக்ஸ் இருந்தால் அதை நீக்குவதே சுலபமான வழி. வேண்டுமென்றால் மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். பிரைமரி கீ, யூனிக் இண்டெக்ஸ் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

டேபிளில் உள்ள எல்லா வரிசைகளும் வேண்டாமா? ட்ரங்கேட் செய்யுங்கள், இடம் உடனே திரும்பும். பாதி வேண்டும் என்றால்தான் சிக்கல். சாதாரண வேக்கம், செத்த இடத்தைப் புது வரிசைகளுக்குத் தயாராக்கும். பெரும்பாலும் டிஸ்க்குக்குத் திருப்பித் தராது. வேக்கம் ஃபுல் தரும், ஆனால் டேபிளைப் புதிதாக இன்னொரு பிரதி எழுதும். அதற்கும் காலி இடம் வேண்டும், முடியும்வரை அந்த டேபிளை யாரும் படிக்கக்கூட முடியாது. நிரம்பிய டிஸ்க்கில் இதை முதல் வேலையாகத் தொடங்க வேண்டாம்.

படி 4: அடுத்த முறைக்கு
மாதா மாதம் குவியும் டேபிளை மாதவாரியாகத் தனித்தனித் துண்டுகளாக, அதாவது பார்ட்டிஷன்களாகப் பிரித்துவிடுங்கள். பழைய மாதத்தை டிராப் செய்தால் போதும். கூடவே அதே டிஸ்க்கில் 2 ஜிபி இடத்தை நிஜமாகவே பிடித்துவைக்கும் ஒரு டம்மி கோப்பும் போட்டுவையுங்கள். முழுதாக நிரம்பும் நாளில் அதை அழித்தால், படி 1ஐத் தொடங்கவாவது இடம் கிடைக்கும்.