பிக்குவெரியில் லிமிட் போட்டால் செலவு குறையாது

கூகுளின் டேட்டா சேமிப்பு, அலசல் சேவையான பிக்குவெரியில் ஒரு டேபிளில் என்ன இருக்கிறது என்று பார்க்க 'செலக்ட் ஸ்டார்' எழுதி, கடைசியில் லிமிட் 10 போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். திரும்பி வருவது 10 வரிதான், ஆனால் ஆன்-டிமாண்ட் (குவெரிக்குக் குவெரி பணம் கட்டும்) முறையில் கட்டணம் எத்தனை பைட் படிக்கப்படுகிறது என்பதை வைத்துத்தான், அதனால் கிளஸ்டர் செய்யாத (சில நெடுவரிசைகளின்படி தரவை அடுக்கி வைக்காத) டேபிளில் லிமிட் இருந்தாலும் முழு டேபிளும் கணக்கில் வந்துவிடும். சும்மா எட்டிப் பார்க்க ப்ரிவ்யூ போதும், அதற்குக் காசே கிடையாது.

ஒவ்வொரு நெடுவரிசையும் தனியாகச் சேமிக்கப்படுவதால், தேவையானவற்றின் பெயரை மட்டும் எழுதினாலே செலவு நன்றாக இறங்கும்.

அப்புறம், தேதிவாரியாக பார்ட்டிஷன் செய்த, அதாவது பகுதிகளாகப் பிரித்த டேபிள் என்றால் நிபந்தனையில் தேதியை நேரடியாக எழுதுங்கள். சப்குவெரியிலிருந்து (குவெரிக்குள் எழுதும் இன்னொரு குவெரி) வரும் தேதியை வைத்து வடிகட்டினால் எல்லா பார்ட்டிஷன்களும் படிக்கப்படும், பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ரன் அழுத்தும் முன் எவ்வளவு படிக்கப்போகிறது என்ற மதிப்பீடு எடிட்டரிலேயே தெரியும், அதைக் கட்டாயம் பாருங்கள். குழுவாக வேலை செய்கிறீர்களா, சரி, குவெரி செட்டிங்ஸில் 'மேக்ஸிமம் பைட்ஸ் பில்டு' (அதிகபட்சம் எத்தனை பைட்டுக்குக் கட்டணம் வரலாம்) வரம்பு வைத்துவிடுங்கள். அதைத் தாண்டும் குவெரி ஓடாமலே நின்றுவிடும், கட்டணமும் வராது.