குணமா, சூழ்நிலையா? கீழூரை வைத்து ஒரு பயிற்சி

புதுச்சேரியில் வில்லியனூர் தாண்டிக் கீழூர் போனால் ஒரு நினைவிடம் இருக்கிறது. புதுச்சேரி அப்போது பிரான்சின் கையில் இருந்தது. 1954 அக்டோபர் 18 அன்று அந்த ஊரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. போர்ச்சுகல் வைத்திருந்த கோவாவுக்கோ 1961 டிசம்பரில் ராணுவம் போக வேண்டியிருந்தது. இரண்டு முறையும் நம் பக்கம் நேருதான். அப்படியானால் எதிரே உட்கார்ந்திருந்தவரைத்தானே பார்க்க வேண்டும்? ஒரு தலைவரின் முடிவுக்குக் காரணம் அவர் குணமா, சூழ்நிலையா என்று கண்டுபிடிக்க நான்கு படிகள்:

1. ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பிரான்சின் வெளியுறவுக் கொள்கை’ என்று ஆரம்பித்தால் கரை சேர மாட்டீர்கள். ‘1954-ல் பிரான்ஸ் ஏன் புதுச்சேரியை விட்டது?’ போதும்.

2. குணத்தைச் செயலில் தேடுங்கள். ‘தைரியசாலி’, ‘பிடிவாதக்காரர்’ என்று பட்டம் கொடுப்பது சுலபம், ஆதாரம் வேண்டும். 1954 ஜூனில் பிரான்சின் பிரதமரான மெண்டெஸ் பிரான்ஸ், ஜூலை 20-க்குள் இந்தோசீனப் போரை (வியட்நாம் பக்கம் பிரான்ஸ் நடத்திய காலனிப் போர்) நிறுத்தாவிட்டால் பதவி விலகுவேன் என்று தனக்குத் தானே கெடு வைத்துக்கொண்டார். ஜெனீவாவில் கையெழுத்தானபோது 21 பிறந்துவிட்டது. (கெடுவுக்காகக் கடிகாரத்தையே நிறுத்தி வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு.) புண்ணை ஆற விடாமல் வைத்திருக்கும் ஆள் இல்லை அவர். போர்ச்சுகலின் சர்வாதிகாரி சலாசாரோ, கோவா காலனியே இல்லை, எங்கள் மாகாணம் என்று நின்றார். இந்தியப் படை நுழைந்தாலும் சரணடையக் கூடாது என்றே உத்தரவிட்டார்.

3. பேச்சை எண்ணுங்கள். மார்கரெட் ஹெர்மன் என்ற அமெரிக்க ஆய்வாளரின் வழி இது. ‘ஒருவேளை’, ‘சில சமயம்’ அதிகம் வந்தால் பல பக்கமும் பார்ப்பவர். ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ அதிகம் வந்தால் கறுப்பு வெள்ளையாகப் பார்ப்பவர். யாரோ எழுதிக் கொடுத்த மேடை உரை வேண்டாம், பேட்டியை எடுங்கள். நூறு சொல்லுக்குக் குறையாத பதில்கள் ஐம்பதாவது வேண்டும் என்பார் அவர்.

4. இப்போது ஆளை மாற்றிப் பாருங்கள். பலரும் தாண்டிவிடும் படி இதுதான். மெண்டெஸ் பிரான்ஸ் வருவதற்கு முன்பே, மே 7-ல், வியட்நாமில் பிரெஞ்சுப் படைத்தளமான தியன் பியன் பூ விழுந்துவிட்டது. வேறு யார் பிரதமராக இருந்தாலும் பிரான்ஸ் களைத்துத்தான் இருந்திருக்கும். என் கணக்கில், விடுவது என்பது சூழ்நிலை. அவ்வளவு சீக்கிரம் விட்டது அவர் குணம். சலாசாரிடம் குணத்தின் பங்கு இன்னும் அதிகம், ஏனென்றால் அவரைத் தட்டிக் கேட்க ஆளே இல்லை.

இதற்கு ஒரு சோதனையும் இருக்கிறது: வேகம் அவர் குணம் என்றால், அவர் போனதும் அது குறைந்திருக்க வேண்டும். 1955 பிப்ரவரியில் மெண்டெஸ் பிரான்ஸ் பதவி இழந்தார். புதுச்சேரியை ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956-ல் கையெழுத்தானாலும், சட்டப்படி நிறைவேற 1962 ஆகஸ்ட் 16 ஆகிவிட்டது. கீழூரில் வருடா வருடம் ஆகஸ்டில் கொடியேற்றுவது அந்த நாளுக்காகத்தான்.