கார்டிசால் ஏறுவதும் இறங்குவதும்: தொடங்குபவர்களுக்கு

மன அழுத்தத்தின்போது உடம்பில் கூடும் ஹார்மோன்தான் கார்டிசால். கார்டிசால் என்றாலே ஒழித்துக்கட்ட வேண்டிய சமாச்சாரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லாமல் உயிர் வாழவே முடியாது. ஏறுவதில் தப்பில்லை, ஏறியது இறங்காமல் நிற்பதுதான் சிக்கல்.

படி 1: உடம்புக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

சாலையில் ஒரு வண்டி திடீரெனக் குறுக்கே வருகிறது. சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் நொடிகளில் அட்ரினலினைக் கொட்டுகின்றன. நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். அடுத்து வரும் கார்டிசால் நிதானமான ஆள். மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, அதன் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை உசுப்பும், பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். அது அட்ரினலுக்குப் போய்ச் சேர்ந்ததும் கார்டிசால் சுரக்கும். உச்சத்தைத் தொட 20, 30 நிமிடம் ஆகலாம். அதனால்தான் ஆபத்து நீங்கிய கையோடு உடம்பு அடங்கிவிடாது. கார்டிசால் போதுமான அளவு வந்ததும் மூளையே உத்தரவை நிறுத்திக்கொள்ளும்.

படி 2: நிற்காவிட்டால் என்ன ஆகும்?

ஓடுவதற்குத் தெம்பு வேண்டுமே என்று கார்டிசால் கல்லீரலைச் சர்க்கரை தயாரிக்க வைக்கிறது. நாமோ நாற்காலியை விட்டு எழாமல் மின்னஞ்சலைப் பார்த்துக் கடுப்பாகிக்கொண்டிருக்கிறோம். இதுவே மாதக்கணக்கில் நீடித்தால் இன்சுலினின் வேலை மந்தமாகும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும், ரத்த அழுத்தம் கூடும், தூக்கம் கெடும், நோய் எதிர்ப்பும் தளரும்.

படி 3: எழும் நேரத்தை நிலைப்படுத்துங்கள்

விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் கார்டிசால் தானாகவே உயரும். நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்குப் போகும். விடுமுறையிலும் அதே நேரத்தில் எழுந்து வெளிச்சத்தில் நில்லுங்கள். ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

படி 4: மூச்சை இழுத்து விடுங்கள்

4 நொடி உள்ளே, 6 நொடி வெளியே, ஐந்து நிமிடம். மூச்சை வெளியே விடும்போது இதயத்துடிப்பு சற்றுக் குறைவதை மணிக்கட்டில் விரல் வைத்தாலே உணரலாம்.

படி 5: மாலையில் காபியை விடுங்கள்

குடித்த காஃபினில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும்.

படி 6: மருத்துவரிடம் போக வேண்டியது எப்போது?

'அட்ரினல் சோர்வு' என்று சொல்லி விற்கும் மாத்திரைகளில் காசைக் கொட்டாதீர்கள், ஹார்மோன் மருத்துவர்கள் அப்படியொரு நோயை ஏற்பதில்லை. ஆனால் முகம் உப்பி, வயிற்றில் அகலமான ஊதா நிறக் கோடுகள் விழுந்து, லேசாக இடித்தாலே கன்றிப்போனால் பரிசோதனை அவசியம். அப்புறம், வாரக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை (கார்டிசால் போலவே வேலை செய்யும் மருந்து) எடுப்பவர்கள் அதைத் திடீரென நிறுத்தவே கூடாது. அதற்குள் அட்ரினல் தன் வேலையைக் குறைத்திருக்கும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.