அக்குவாபா பொம்மை செதுக்கலாம் வாங்க: முதன்முறை உளி பிடிப்பவர்களுக்கு

கானாவின் அசாந்தி மக்கள் சொல்லும் கதை இது. பிள்ளையில்லாத அக்குவா என்ற பெண்ணிடம், மரத்தில் ஒரு குழந்தை செய்து, அதை முதுகில் கட்டிக்கொண்டு பெற்ற பிள்ளையாகவே பார்த்துக்கொள்ளச் சொன்னார் பூசாரி. ஊர் கேலி செய்தது. அவளுக்குப் பெண் குழந்தை பிறந்ததும் மற்ற பெண்களும் அதே வழிக்கு வந்தார்கள். அக்குவாபா என்றால் அக்குவாவின் பிள்ளை. தாய்வழிச் சமூகம் என்பதால் பொம்மையும் பெண்தான். பிள்ளைவரம் வேண்டிச் சுமந்த உருவம் இது, அந்த மரியாதையோடு செதுக்குவோம்.

மரம். கானாவின் குமாசி நகருக்கு அருகே அஹ்வியா என்ற ஊர் மரச்செதுக்குக்குப் பேர்போனது. அசாந்திகள் பயன்படுத்துவது செசே என்ற வெளிறிய, இளகிய மரம். அதன் தாவரக் குடும்பத்திலேயே வரும் வெட்பாலை நமக்குப் போதும். காய்ந்த பலகை, 30 செ.மீ. உயரம், 12 அகலம், 4 கனம். மரத்தின் ரேகை மேலிருந்து கீழாக ஓட வேண்டும்.

வரைதல். நடுக்கோடு போடுங்கள். மேலே வட்டத்தட்டுத் தலை, கீழே கழுத்து, உருளை உடம்பு, இருபுறமும் நீட்டிய குட்டைக் கைகள், நிற்க அடித்தட்டு. கால் வேண்டாம்.

அறுத்தல். கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. விட்டு ரம்பத்தால் அறுங்கள். கைகளில் ரேகை குறுக்கே போவதால் சட்டென்று ஒடியும். அவற்றைக் கடைசிவரை தடிமனாகவே விட்டுவைத்து, கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக் கூம்பாக்குங்கள்.

கழுத்து. வளையங்கள்தான் இதன் அழகு. கொழுகொழுவென்ற சதை மடிப்பு, அசாந்திகளுக்கு ஆரோக்கியத்தின் அடையாளம். கத்தியைச் செங்குத்தாக வைத்துச் சுற்றிலும் ஒரு கீறல், அப்புறம் இரு பக்கமும் சாய்வாகச் சீவல். கீறலை முதலில் போடாவிட்டால் சிராய் பெயர்ந்து அடுத்த வளையமும் போய்விடும்.

முகம். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். முகத்தைத் தட்டின் கீழ்ப்பாதிக்குள் அடக்குங்கள், மேலே முழுக்க நெற்றிதான். உயர்ந்த அகன்ற நெற்றி அவர்களுக்குப் பேரழகு. வில்லாக வளைந்த இரு புருவங்களும் கீழே இறங்கி மூக்கோடு சேரட்டும். வாய் சின்னதாக இருந்தால் போதும். கண்ணைப் பெரிதாக்கும் ஆசை வரும், விட்டுவிடுங்கள். நெற்றியின் அமைதி கெட்டால் அது அக்குவாபாவே இல்லை.

முடிப்பு. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, கருப்புச் சாயம் பூசி, காய்ந்ததும் மெழுகு தேயுங்கள். கழுத்திலும் இடுப்பிலும் பொடி மணிகள் கோத்துக் கட்டுங்கள். சாயத்துக்கு முன் மணி கட்டினால் நூல் கறுத்துவிடும்.