புரோஸ்டேட் ஆபரேஷனில் நிணநீர் முடிச்சு எடுத்தவரை வீட்டில் கவனிப்பது எப்படி

புரோஸ்டேட் புற்றுநோய் வெளியே பரவியிருக்க வாய்ப்பு அதிகம் என்று தோன்றினால், சுரப்பியை எடுக்கும்போதே இடுப்புக்குழியில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிடுவார்கள். அக்குளிலும் தொடை இடுக்கிலும் 'நெறி கட்டியிருக்கு' என்கிறோமே, அந்த வகை முடிச்சுகள்தான். ஆனால் இவை உள்ளே, காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்களை ஒட்டிக் கிடப்பவை. நோய் எதுவரை போயிருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் இதில் முதல் லாபம். ஆயுள் கூடுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எவ்வளவு விரிவாக எடுக்கிறார்களோ அவ்வளவு துல்லியமாக நிலவரம் தெரியும், சிக்கலும் அதே அளவுக்குக் கூடும். "எனக்கு முடிச்சு எடுப்பீர்களா, எதற்காக, எதுவரை?" என்று கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேட்டபின் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை, எழுந்தவுடன், தையல் டேப்பால் இரண்டு கால்களையும் அளந்து எழுதி வையுங்கள். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே ஓரிடம், முழங்கால் சில்லின் மேல்விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே ஓரிடம். டேப் தோலைத் தொட்டால் போதும், இறுக்கக் கூடாது. பின்னால் கால் வீங்கியதுபோலத் தோன்றும்போது இந்த நான்கு எண்கள்தான் கைகொடுக்கும். யானைக்கால் நோய்க்கு எப்போதாவது மருந்து சாப்பிட்டவர், பழைய கால்வீக்கம் உள்ளவர், முன்பு கால் ரத்தநாளத்துக்குள் ரத்தம் உறைந்து கட்டியவர் அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

டியூபும் குமிழும்

சிலருக்கு உள்ளே கசியும் நீரை வெளியே எடுக்க வயிற்றோரம் ட்ரெயின் டியூப் வைத்திருப்பார்கள், சிலருக்கு இருக்காது. இருந்தால் அதன் முனையில் நீரை உறிஞ்சிச் சேர்க்கும் குமிழ் எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும். காலை, மாலை ஒரே நேரத்தில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மூடியைத் திறந்து அளவுக் கோப்பையில் ஊற்றி, மி.லி. கணக்கையும் நிறத்தையும் குறியுங்கள். குமிழை நன்றாக அமுக்கிப் பிடித்தபடியே மூட வேண்டும். அமுக்காமல் மூடினால் அது உறிஞ்சாது. முதல் நாள் சிவப்பாக வரும், பிறகு வைக்கோல் நிறத்துக்கு மாறும். பல இடங்களில் 24 மணி நேரக் கணக்கு 50 முதல் 100 மி.லி.க்குள் இறங்கியதும் எடுத்துவிடுவார்கள். நிணநீர், அதாவது இந்த முடிச்சுகளின் வழியே ஓடும் நீர், ரத்தம்போலச் சட்டென்று உறைந்து அடைபடாது, அதனால் சிலருக்குக் கசிவு நாள்கணக்கில் நீளும். குறைந்துவந்த அளவு திடீரென்று ஏறினால் அது நிணநீரா, சிறுநீரா என்று பார்க்க வேண்டும். சிறுநீரில் வெளியேறும் கழிவான கிரியாட்டினின் ட்ரெயின் நீரில் எவ்வளவு என்று பரிசோதித்தால் தெரிந்துவிடும். ரத்தத்தில் உள்ள அளவே இருந்தால் நிணநீர். பல மடங்கு இருந்தால் சிறுநீர், அதாவது உள்ளே தையல் போட்ட இடத்திலோ சிறுநீர்க்குழாயிலோ ஒழுகல்.

உள்ளே தேங்கும் நீர்

இந்த ஆபரேஷனுக்குப் பிறகு அதிகம் காணும் சிக்கல் இதுதான். வெளியேற வழியில்லாத நிணநீர் இடுப்புக்குழியில் பைபோலச் சேர்ந்துகொள்ளும். மருத்துவர்கள் லிம்ஃபோசீல் என்பார்கள். பலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல் தானே வற்றிவிடும், அதைக் குத்தி எடுக்கத் தேவையில்லை. தொந்தரவு தருவது பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் தலைகாட்டும். தேங்கிய நீர் சிறுநீர்ப்பையை அழுத்தினால் அடிக்கடி சிறுநீர் வரும், ஆனால் சிறுநீர் டியூப் எடுத்த புதிதில் அடிக்கடி போவது எல்லோருக்கும் உண்டு என்பதால் இது எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். கவனிக்கவேண்டியது போக்கைத்தான்: குறைந்துவந்த சிறுநீர் அவசரம் மறுபடி கூடுவது, அடிவயிற்றில் ஒருபக்கம் கனம், மலம் கழிக்கச் சிரமம், ஒரு கால் மட்டும் வீங்குவது. இதோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் தேங்கிய நீரில் கிருமி புகுந்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அல்ட்ராசவுண்டில் தெரிந்துவிடும். ஊசியால் ஒருமுறை உறிஞ்சி எடுத்தால் பெரும்பாலும் திரும்பச் சேரும். எனவே சில நாள் மெல்லிய டியூப் வைத்து வடிய விடுவார்கள், கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக் சேரும். அதற்கும் அடங்காவிட்டால் பைக்குள் மருந்து செலுத்தி ஒட்டச் செய்வது, அல்லது லேப்பராஸ்கோப்பியில் பையின் சுவரைத் திறந்து வயிற்றறைக்குள் வடிய விடுவது. வயிற்றறையின் உட்சவ்வு அந்த நீரை உறிஞ்சிக்கொள்ளும்.

ஒரு கால் வீங்கினால்

முதல் நான்கைந்து வாரத்தில் ஒரு கால் மட்டும் வீங்கினால், இல்லை என்று ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் சொல்லும்வரை அதை நாளத்துக்குள் உறைந்த ரத்தக்கட்டு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கெண்டைக்காலில் இரு பக்கத்துக்கும் 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் வலுக்கும். வித்தியாசம் குறைவு என்பதற்காக விட்டுவிடக் கூடாது. எண்ணெய் போட்டு நீவிவிடுவது நம் வீடுகளில் முதல் வைத்தியம். இங்கே அதைச் செய்யவே கூடாது, கட்டு பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். மூச்சுத் திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், மயக்கம் வந்தால் 108-ஐ அழையுங்கள். ஸ்கேன் எடுக்கும்போது அடிவயிற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். தேங்கிய நீர் ரத்தநாளத்தை நெரித்து, அதனாலேயே கட்டு உண்டாகியிருக்கலாம். கட்டுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மூலகாரணம் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

கட்டு வராமல் தடுக்கப் பலருக்கு எனாக்ஸாபரின் ஊசி எழுதுவார்கள். வழக்கமான அளவு தினம் ஒருமுறை 40 மி.கி., 28 நாள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவு குறையும். வீட்டில் போடும்போது தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளி, தழும்பு இல்லாத இடமாகப் பார்த்துத் தோலை மடித்துப் பிடித்து நேர்க்குத்தாகச் செலுத்துங்கள். அடைத்து வரும் சிரிஞ்சில் உள்ள காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டாம். மருந்து முழுதும் உள்ளே போக அது உதவுகிறது. போட்ட இடத்தைத் தேய்த்தால் கன்றிப்போகும். ஒருநாள் வலம், ஒருநாள் இடம்.

தொடை சேர மறுத்தால்

முடிச்சுகளுக்கு நடுவே ஓடுவது ஆப்டுரேட்டர் நரம்பு. அது இழுபட்டாலோ சூடுபட்டாலோ உட்தொடை மரத்து, கால் உள்பக்கம் சேராது. நடக்கையில் கால் வெளிப்பக்கம் வீசும். நாற்காலியில் உட்கார்ந்து இரு முழங்காலுக்கும் நடுவில் தலையணையை வைத்து நெருக்கிப் பாருங்கள். ஒருபக்கம் தளர்ந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். நரம்பு அறுபடாதிருந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் சரியாகும், பிசியோதெரபி உதவும். வலது காலில் இந்தத் தளர்ச்சி இருக்கும்வரை கார் ஓட்டக் கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குக் கால் சமயத்தில் போகாது.

விதைப்பை வீக்கம் முதல் வாரங்களில் சகஜம். படுக்கும்போது சுருட்டிய துண்டை அடியில் கொடுத்து உயர்த்தி வையுங்கள், பகலில் இறுக்கமான உள்ளாடை.

மாதங்கள் கழித்து, வலி அதிகமில்லாமல் மெல்ல ஏறும் கால்வீக்கம் நிணநீர் வழி அடைபட்டதால் வருவது. பின்னர் கதிர்வீச்சும் எடுத்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். காலையில் படுக்கையை விட்டு எழுமுன் போடும் அழுத்தக் காலுறை, பயிற்சி பெற்றவர் செய்யும் நிணநீர் மசாஜ், தினசரி நடை ஆகியவை கட்டுக்குள் வைக்கும். நீர் மாத்திரையால் இது வற்றாது. இந்தக் காலுக்குச் சின்னக் காயமும் பெரிது. விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள், சேற்றுப்புண்ணுக்கு உடனே மருந்து போடுங்கள், வயலிலும் தோட்டத்திலும் வெறுங்காலோடு இறங்காதீர்கள். தோல் சிவந்து சூடாகி, கூடவே நடுக்கக் காய்ச்சலும் வந்தால் அன்றே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். அது ஆறும்வரை மசாஜ் வேண்டாம்.