மெர்சென் எண்ணை ஈசிஎம் வச்சு உடைக்கிறது எப்படி? கைக்கணக்குல ஆரம்பிச்சு கம்ப்யூட்டர் வரைக்கும்

8388607. இந்த நம்பர ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. இது 2^23 − 1. இத முதல்ல கையாலயே காரணிகளா உடைக்கப் போறோம், அப்புறம் அதே வேலைய கம்ப்யூட்டர்கிட்ட குடுத்து பெரிய நம்பருக்குப் பண்ணப் போறோம். மீ.பொ.வ. பார்க்கத் தெரியும், ஒரு கோட்டோட சாய்வுன்னா என்னன்னு தெரியும்னா போதும்.

முதல்ல மெர்சென் எண் பத்தி கொஞ்சம்

ப ஒரு பகா எண்ணா இருந்தா 2^ப − 1 ங்கிறதுதான் நாம பார்க்கப் போற மெர்சென் எண், சுருக்கமா எம்23, எம்67ன்னு சொல்லுவாங்க. (ப = 2ஐ மட்டும் விட்டுருங்க.) இதுக்கு ஒரு அருமையான குணம் இருக்கு, இதோட எந்தக் காரணிய எடுத்தாலும் அது 2 × க × ப + 1 ங்கிற வடிவத்துலதான் இருக்கும் (க ஒரு முழு எண்), 8ஆல வகுத்தா மீதி 1 இல்லன்னா 7 வரும், வேற எதுவும் வரவே வராது. அதனால எம்23க்கு முதல்ல பார்க்க வேண்டிய நம்பரே 2 × 1 × 23 + 1 = 47தான். ஃபெர்மா 1640லயே இத கண்டுபிடிச்சுட்டார்.

சின்ன காரணின்னா இப்படி ஒவ்வொண்ணா வகுத்துப் பார்த்தாலே கிடைச்சுரும். ஆனா காரணியே 25 இலக்கம், 30 இலக்கம்னு இருந்தா வகுத்து மாளாது. அங்கதான் ஈசிஎம் வருது, அதாவது நீள்வட்ட வளைவரை முறை, 1980கள்ல ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ரா கண்டுபிடிச்சது.

கையால ஒரு தடவை

எடுத்துக்கப் போற வளைவரை இது: ஒய்² = எக்ஸ்³ + எக்ஸ் − 1. இதுல (1, 1) ஒரு புள்ளி, போட்டுப் பாருங்க, ரெண்டு பக்கமும் 1 வரும். இப்ப இந்தப் புள்ளிய 2 மடங்கு, 3 மடங்கு, 6 மடங்குன்னு பெருக்கிட்டே போகணும், எல்லாக் கணக்கையும் 8388607ஆல வகுத்த மீதியில பண்ணணும்.

2 மடங்குக்கு தொடுகோட்டோட சாய்வு வேணும். அது (3எக்ஸ்² + 1) ÷ (2ஒய்) = 4 ÷ 2 = 2. புது எக்ஸ் = சாய்வோட வர்க்கத்துல இருந்து பழைய எக்ஸ ரெண்டு தடவை கழிக்கணும், 4 − 1 − 1 = 2. புது ஒய் = 2 × (1 − 2) − 1 = −3. ஆக (2, −3).

3 மடங்குன்னா (2, −3)ஐயும் (1, 1)ஐயும் கூட்டணும். சாய்வு (−3 − 1) ÷ (2 − 1) = −4. எக்ஸ் = 16 − 2 − 1 = 13, ஒய் = −4 × (1 − 13) − 1 = 47. ஆக (13, 47).

அடுத்து 6 மடங்கு, அதாவது (13, 47)ஐ ரெண்டு மடங்காக்கணும். சாய்வுக்கு 508ஐ 94ஆல வகுக்கணும். மீதிக் கணக்குல வகுக்கிறதுன்னா 94க்கு ஒரு தலைகீழி, அதாவது 94ஓட பெருக்கினா மீதி 1 தர்ற எண் வேணும், அது இருக்கணும்னா 94க்கும் 8388607க்கும் மீ.பொ.வ. 1ஆ இருக்கணும். பாருங்க: 8388607ஐ 94ஆல வகுத்தா மீதி 47, 94ஐ 47ஆல வகுத்தா மீதி 0. மீ.பொ.வ. 47! கணக்கு மாட்டிக்கிச்சு, ஆனா மாட்டின இடத்துலயே காரணி கைக்கு வந்துருச்சு. 8388607 = 47 × 178481.

ஈசிஎம் முழுக்க இதுதாங்க. வகுக்க முடியாம போற அந்த ஒரு இடத்த தேடித்தான் இவ்ளோ தூரம் போறோம். (இந்த வளைவரை, நம்பர் சின்னதா வரணும்னு தேடி எடுத்தது, நிஜத்துல இவ்ளோ சீக்கிரம் மாட்டாது.)

ஏன் மாட்டுச்சு?

47ஆல வகுத்த மீதியில மட்டும் பார்த்தா அந்த வளைவரைல கொஞ்சம் புள்ளிங்கதான் இருக்கும், ஹாஸ தேற்றப்படி 35ல இருந்து 61க்குள்ள. அந்த எண்ணிக்கை சின்னச் சின்ன பகா எண்ணுங்களோட பெருக்கலா அமைஞ்சுட்டா நாம 1 × 2 × 3 × ...ன்னு பெருக்கிட்டே போறப்ப புள்ளி பூஜ்யத்துல, அதாவது வகுக்க முடியாம மாட்டிக்கிற அந்த இடத்துல போய் விழுந்துரும், இங்க 6லயே விழுந்துச்சு. 178481 பக்கம் அப்படி விழல, அதனாலதான் 47 மட்டும் தனியா பிரிஞ்சு வந்துச்சு.

இதுக்கு முன்னாடி 1974ல பொல்லார்டு ஒரு முறை சொன்னார், பி மைனஸ் 1. அதுல காரணில இருந்து 1 கழிச்ச எண் சின்ன பகா எண்ணுங்களா உடையணும். மெர்சென் எண்ணுக்கு இது நல்லாவே வேலை செய்யும், ஏன்னா அந்த எண்ணுல 2ம் ப-வும் கட்டாயம் இருக்கும்னு நமக்கு முன்னாடியே தெரியும். எம்67ஓட சின்ன காரணி 193707721. 1 கழிச்சா 8 × 27 × 5 × 67 × 2677. ஆனா உடையலன்னா உடையலதான், ஒரே வாய்ப்பு, அதோட கதை முடிஞ்சுது. ஈசிஎம்ல வளைவரைய மாத்தினா புள்ளி எண்ணிக்கையே மாறிரும், அதனால இது வரலயா, தூக்கிப் போட்டுட்டு அடுத்தது எடுக்கலாம், எத்தனை தடவை வேணும்னாலும். எனக்கு இந்த முறை மேல இவ்ளோ பிரியம் வந்ததே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

இப்ப கம்ப்யூட்டர்ல

ஜிஎம்பி-ஈசிஎம்னு ஒரு இலவச புரோகிராம் இருக்கு, உபுண்டு, டெபியன்ல பேக்கேஜாவே கிடைக்கும். டெர்மினல்ல எக்கோ போட்டு மேற்கோள் குறிக்குள்ள 2^67-1, அப்புறம் பைப் குறி, அப்புறம் ஈசிஎம், கடைசில 200. அந்த 200தான் பி1, அதாவது முதல் கட்டத்துல எவ்ளோ பெரிய பகா எண் வரைக்கும் பெருக்கணும்ங்கிற எல்லை. ரெண்டாம் கட்டத்துக்கு பி2ன்னு இதவிடப் பெரிய எல்லை, அத புரோகிராமே வச்சுக்கும், மேல 2677 மாதிரி ஒரே ஒரு பெரிய பகா எண் மட்டும் துருத்திக்கிட்டு நின்னா அத பிடிக்கிறதுக்கு.

சும்மா விட்டா ஒரே ஒரு வளைவரைதான் ஓடும், மைனஸ் சி போட்டு 50னு குடுத்தா 50 ஓடும். 193707721, 761838257287 ரெண்டும் வரணும். 1903ல கோல்ங்கிற அமெரிக்க கணிதவியலாளர் கையால கண்டுபிடிச்சது இதுதான். இந்த நம்பர் பகு எண்ணுன்னு பிரெஞ்சு கணிதவியலாளர் லூக்கா 1876லயே நிரூபிச்சுட்டார், ஆனா காரணி தெரிய 27 வருஷம் ஆச்சு.

சில சமயம் காரணின்னு சொல்லி முழு நம்பரையே திருப்பிக் குடுக்கும். பயப்படாதீங்க, ரெண்டு காரணியும் ஒரே நேரத்துல மாட்டிருச்சுன்னு அர்த்தம், பி1ஐ குறைச்சு திரும்ப ஓட்டுங்க.

எவ்ளோ பி1, எத்தனை வளைவரை?

காரணி எவ்ளோ பெருசுன்னு நமக்குத் தெரியாது, அதனால சின்னதுல இருந்து ஏறணும். 20 இலக்கத்துக்கு பி1 11000, சுமார் 74 வளைவரை. 25க்கு 50000, சுமார் 214. 30க்கு 250000, சுமார் 430. 35க்கு 10 லட்சம், சுமார் 900. 40க்கு 30 லட்சம், சுமார் 2350. வெர்ஷன பொறுத்து கொஞ்சம் மாறும். அத்தனையும் ஓட்டி முடிச்சாலும் அந்த சைஸ்ல இருக்கிற காரணி தப்பிச்சுப் போக 37 சதவீத வாய்ப்பு இருக்கு, அதனால "30 இலக்கத்துல காரணியே இல்ல"ன்னு எப்பவும் சொல்லிராதீங்க, "30 இலக்க அளவுக்கு தேடியாச்சு"ன்னு மட்டும் சொல்லுங்க. புதுசா வர்றவங்க ரொம்ப பேர் தப்பா புரிஞ்சுக்கிற இடம் இது.

ஈசிஎம்ல எத்தனை வளைவரை வேணும்ங்கிறத முடிவு பண்றது காரணியோட சைஸ்தான், முழு நம்பரோட சைஸ் இல்ல. முழு நம்பர் பெருசானா ஒவ்வொரு வளைவரைக்கும் நேரம் கூடும், அவ்ளோதான். ரெண்டாம் கட்டம் ரேம் மெமரிய நிறைய தின்னும், மைனஸ் மேக்ஸ்மெம் போட்டு எத்தனை எம்பின்னு கட்டுப்படுத்துங்க. அவுட்புட்ட ஒரு ஃபைலுக்கு அனுப்பிருங்க, நான் ஒரு தடவை ராத்திரி முழுக்க ஓட்டிட்டு காலைல டெர்மினல மூடிட்டேன், எந்த வளைவரை வரைக்கும் போச்சுன்னே தெரியாம முதல்ல இருந்து ஆரம்பிச்சேன்.

இன்னும் பெரிய மெர்சென் எண்ணுன்னா பெரிய மெர்சென் பகா எண்ணத் தேட ஜார்ஜ் வோல்ட்மன் 1996ல ஆரம்பிச்ச கிம்ப்ஸ் திட்டத்தோட பிரைம்95 புரோகிராம் பக்கம் போங்க, 2^ப − 1 வடிவத்துக்குன்னே பெருக்கல வேகமாக்கி வச்சிருக்காங்க. ஆனா ஆர்வக்கோளாறுல முதல் நாளே எம்1277ஐ எடுக்காதீங்க. 385 இலக்கம், பகு எண்ணுன்னு நிரூபிச்சாச்சு, ஒரு காரணி கூட சிக்கல, ஈசிஎம்ல சின்னது நடுத்தரம் எல்லாம் பலர் சேர்ந்து அலசி முடிச்சாச்சு.

கிடைச்சத சரிபார்க்க

2^ப-வை காரணியால வகுத்தா மீதி 1 வரணும். 47க்கு பண்ணிப் பார்ப்போம்: 2^10 = 1024, மீதி 37. 37² = 1369, மீதி 6, அது 2^20. அத 8ஆல பெருக்கினா 48, மீதி 1. சரியா இருக்கு. கூடவே எந்த சிக்மா எண்ணுல (எந்த வளைவரைன்னு தீர்மானிக்க புரோகிராம் எடுத்துக்கிற எண்) கிடைச்சுதுன்னும் எழுதி வைங்க, அதே சிக்மாவ, அதே பி1, பி2வோட குடுத்தா யார் வேணா அதே வளைவரைய திரும்ப ஓட்டி உறுதி பண்ணிக்கலாம்.

அடுத்து நீங்களே 2^101-1 போட்டுப் பாருங்க. பி1 11000, வளைவரை 74. 13 இலக்கத்துல ஒண்ணு வரும், 7432339208719. அதுல 1 கழிச்சு 202ஆல வகுங்க, மீதி இல்லாம போகணும்.