மறைமாவட்டப் பள்ளிகளுக்கு நீண்டகாலத் திட்டம் போடுவது எப்படி? (தொலைநோக்கு வாசகத்தைக் கடைசியில் எழுதுங்கள்)

தமிழ்நாட்டில் ஒரு கத்தோலிக்க மறைமாவட்டத்தின் (ஓர் ஆயரின் நிர்வாகப் பகுதி) கல்விப் பணிக்குழுவில் இருப்பவர்கள், பங்குப் பள்ளித் தாளாளர்கள் (பங்கு என்றால் ஒரு கோயிலைச் சேர்ந்த சமூகம்), "ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று தயாரியுங்கள்" என்று ஆயர் இல்லத்திலிருந்து திடீரென்று கடிதம் வந்தவர்கள், இவர்களுக்காக எழுதுகிறேன்.

வழக்கமாக என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். மேய்ப்புப்பணி நிலையத்தில் இரண்டு நாள் கருத்தரங்கு, சார்ட் பேப்பரில் பலம், பலவீனம், குழு விவாதம், கடைசியில் "முழுமனித வளர்ச்சி", "நற்செய்தி விழுமியங்கள்" எல்லாம் வருகிற மாதிரி ஒரு தொலைநோக்கு வாசகம். ஆயரின் அணிந்துரையோடு வழவழ தாளில் அச்சாகும், அப்புறம் பீரோவுக்குள் போய்விடும். அதில் தப்பாக ஒன்றும் இருக்காது, ஆனால் எந்த முடிவும் இருக்காது. எந்தப் பள்ளி தொடரும், எது எதோடு சேரும், காலியாகும் பணியிடத்துக்கு யார் வருவார், ஒழுகும் கூரைக்கு யார் பணம் கொடுப்பார் என்பதற்குப் பதில் சொன்னால்தான் அது திட்டம். வாசகத்தை அதற்குப் பிறகு எழுதலாம், ஒரு மணி நேர வேலை.

எது உங்கள் பள்ளி, எது இல்லை

வெளியே இருப்பவருக்கு எல்லாமே "ஃபாதர் ஸ்கூல், சிஸ்டர் ஸ்கூல்". உள்ளே குறைந்தது மூன்று வகை. ஆர்.சி. பள்ளிகள் என்று ஒரே நிர்வாகத்தின் கீழ் வரும் அரசு உதவிபெறும் பள்ளிகள், மறைமாவட்டமோ பங்கோ நடத்தும் மெட்ரிக் மற்றும் சிபிஎஸ்இ பள்ளிகள், இயேசு சபை, சலேசியர், மொன்ஃபோர்ட் சகோதரர்கள், பெண் துறவியர் சபைகள் தாங்களே நடத்தும் பள்ளிகள். மூன்றாவது வகையை மேற்பார்வையிடவும் சந்திக்கவும் ஆயருக்குத் திருச்சபைச் சட்டம் 806 உரிமை தருகிறது. ஆனால் அவற்றின் நிர்வாகமும் பணமும் அந்தந்தச் சபையுடையவை. அதனால் அந்தப் பள்ளிகளுக்கும் சேர்த்து நீங்கள் திட்டம் எழுதினால் அந்தச் சபையின் மாநிலத் தலைவர் (புரொவின்ஷியல்) ஒருவர் மரியாதையாகச் சிரித்துவிட்டு மூடி வைத்துவிடுவார். எழுதாதீர்கள். ஆனால் முதல் கூட்டத்திலிருந்தே அவர்களைக் கூட உட்கார வையுங்கள், ஏனென்றால் ஒரே ஊரில் இரண்டு மூன்று கத்தோலிக்கப் பள்ளிகள் ஒரே தெருவின் பிள்ளைகளுக்காக வேன் அனுப்பிப் போட்டி போடுவது நாம் பார்க்காததா என்ன? வருகிற ஆண்டு யார் எந்த வகுப்பில் எத்தனை பிரிவு திறக்கிறார்கள் என்பதை மட்டுமாவது மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டால் அதுவே பெரிய ஆரம்பம்.

பள்ளிக்கு ஒரு தாள்

திட்டத்தின் முக்கால்வாசி வேலை இதுதான். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரே ஒரு தாள் தயாரியுங்கள், தலைமையாசிரியரும் தாளாளரும் சேர்ந்து கையெழுத்திட்டதாக.

மொத்த மாணவர் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். பத்தாண்டுகளின் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையையும் ஆறாம் வகுப்புச் சேர்க்கையையும் தனியாக எடுங்கள் (அரசின் மாணவர் தகவல் தளமான எமிஸில் பழைய ஆண்டுகள் முழுதாகக் கிடைக்காவிட்டால் சேர்க்கைப் பதிவேடு பள்ளியிலேயே இருக்கும்). 400 பேர் படிக்கிற ஒரு நடுநிலைப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் 18 பேர் என்றால் அந்தப் பள்ளி எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் கருவள விகிதம் 1.4. பிள்ளைகளே குறைகிறார்கள், எவ்வளவு துண்டறிக்கை அடித்தாலும் இதை மாற்ற முடியாது. உங்கள் பகுதியில் எவ்வளவு குறைகிறது என்று தெரிய வேண்டுமா, பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டை எடுத்துப் பதினைந்து ஆண்டுகளை எண்ணுங்கள். கத்தோலிக்கர் அல்லாதவருக்கு அங்கன்வாடிப் பட்டியல். இவ்வளவு நல்ல தரவு கையில் இருந்தும் நாம் திறந்தே பார்ப்பதில்லை.

அதே தாளில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நியமன ஒப்புதல் வந்தது எத்தனை, ஒப்புதலுக்குக் காத்திருப்பவர் எத்தனை, உபரி ஆசிரியர் எத்தனை, யார் எந்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். பட்டா யார் பெயரில். கடன். கடைசியாக, படிப்பவர்கள் யார்: கத்தோலிக்கர், தலித் பிள்ளைகள், மீனவர் குடும்பம், புலம்பெயர்ந்த தொழிலாளரின் பிள்ளைகள், முதல் தலைமுறையாகப் படிப்பவர்கள். இந்தக் கடைசி வரியை நிரப்பாத தாளைத் திருப்பி அனுப்புங்கள், பின்னால் வரும் எல்லா முடிவும் இதில்தான் நிற்கப்போகிறது.

உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் ஒரு சின்னக் கணக்கு பெரிய வேலை செய்யும். ஆகஸ்ட் 1 நிலவரப்படி பணியிட நிர்ணயம். 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3. அதாவது 58 பேர் இருக்கும் பள்ளிக்கு மூன்றே மூன்று பிள்ளைகள் சேர்ந்தால் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இன்னொரு ஆசிரியர். எந்தெந்தப் பள்ளிகள் இந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ தொங்குகின்றன என்று பட்டியல் போட்டால், ஏப்ரல், மே மாதத்தில் அன்பியக் குழுக்கள் (பங்கில் பக்கத்து வீட்டுக் குடும்பங்களின் சிறு குழுக்கள்) எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

பிள்ளைகள் ஏன் போனார்கள்?

"ஆங்கில மோகம்" என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியபோது அரசுப் பள்ளிகளுக்கு மட்டும்தான். கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில் வந்தது, நகர்ப்புறத்துக்கு 2025 ஆகஸ்டில். இடைப்பட்ட காலத்தில் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போகிற ஒரு தாய், சாப்பாடு போடுகிற பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அந்தக் காரணம் இப்போது நீங்கிவிட்டது, ஆனால் போன குடும்பங்களிடம் போய்ச் சொன்னோமா?

மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவருக்கு மட்டும், அதுவும் ஆறாம் வகுப்பிலிருந்தே அங்கே படித்திருக்க வேண்டும், அதனால் ஆறாம் வகுப்பிலேயே நல்ல மாணவர்கள் நகர்வது தொடரும். கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமோ 2024 இறுதியில் உதவிபெறும் பள்ளித் தமிழ்வழி மாணவியருக்கும் விரிந்தது. இப்படி ஒவ்வொன்றையும் பிரித்து எழுதி, நம்மால் சரிசெய்யக்கூடியது, முடியாதது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கழிவறை நாற்றமடிக்கிறது என்பதால் போனவர்களும் இருப்பார்கள், அதை யாரும் கூட்டத்தில் சொல்ல மாட்டார்கள், வீட்டுக்குப் போய்க் கேட்டால்தான் வரும்.

பள்ளி பள்ளியாக முடிவு

இங்கேதான் எல்லாருக்கும் தொண்டை அடைக்கும். பள்ளிக்கு ஒரு முடிவு வேண்டும்: தொடர்வது, வளர்ப்பது, பக்கத்துப் பள்ளியோடு இணைப்பது, மூடுவது. லாப நட்டத்தை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். இந்தப் பள்ளி நாளை இல்லையென்றால் இங்கே படிக்கும் பிள்ளை எங்கே போகும், எவ்வளவு தூரம் நடக்கும், எந்த நெடுஞ்சாலையைக் கடக்கும், அங்கே அதை எப்படி நடத்துவார்கள்? கடற்கரைக் கிராமம் ஒன்றில் 40 பேர் படிக்கும் பங்குப் பள்ளிக்கும், நான்கு பள்ளிகள் இருக்கும் நகரத் தெருவில் 40 பேர் படிக்கும் பள்ளிக்கும் ஒரே முடிவு வரக் கூடாது.

இன்னொன்றும் உண்டு, இதை மறந்தவர்கள் பிறகு நொந்திருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்துக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய பள்ளிகளுக்கு அரசு மானியம் தருவதில்லை. ஆக, மானியம் பெறும் பழைய பள்ளி ஒன்றை மூடினால் அந்த மானியம் போனது போனதுதான், ஏழைப் பிள்ளைக்குக் கட்டணமில்லாமல் கல்வி தரும் ஒரு வழி நிரந்தரமாக அடைபடும். மூடுவதற்கு முன் இணைப்பதையும், கல்வித் துறையின் அனுமதியோடு பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு மாற்றுவதையும் யோசியுங்கள். பங்கு மக்களுக்கு ஊர்ப் பள்ளி என்பது கோயில் கொடிமரம் போல, கைவைத்தால் ஊரே கூடும், அதனால் முடிவு செய்த பிறகு சொல்லாமல் தாளில் உள்ள எண்களை முதலிலேயே பங்குப் பேரவையில் வாசியுங்கள். பாதிப் பேருக்கு அந்த எண்களே தெரியாது. தங்கள் பிள்ளைகளை மெட்ரிக் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பங்குப் பள்ளியைக் காப்பாற்றச் சொல்பவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். கோபப்பட வேண்டாம், எங்கே படிக்க வைக்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.

ஆசிரியர்கள்

ஒரே நிர்வாகத்தின் கீழ் பல பள்ளிகள் இருந்தால், ஒரு பள்ளியின் உபரியை இன்னொன்றின் காலியிடத்தில் பணிநிரவல் செய்த பிறகே புதிய நியமனத்துக்கு ஒப்புதல் கேட்க முடியும் என்றுதான் துறை நிற்கும். எனவே பள்ளி தனித்தனியாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டு, மறைமாவட்டம் முழுவதற்கும் ஓய்வுபெறும் ஆண்டு, பாடம், ஊர் என்று ஒரே அட்டவணை வையுங்கள். ஒப்புதல் இழுபறியாகும் காலத்தில் சம்பளம் யார் தருவது என்பதற்கும் ஒரு விதி வேண்டும், ஆண்டுக்கணக்கில் சொற்பத் தொகைக்கு உழைத்தவர்கள் எல்லா மறைமாவட்டத்திலும் இருக்கிறார்கள்.

ஆசிரியர் தகுதித் தேர்வையும் (டெட்) திட்டத்தில் சேருங்கள். சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதை நம்பி நாம் டெட் தேர்வைக் கண்டுகொள்ளவில்லை. 2025 செப்டம்பர் 1 தீர்ப்பில் அதே நீதிமன்றம் அந்த 2014 நிலைப்பாட்டையே கேள்விக்குள்ளாக்கி, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பியது. தீர்ப்பு எப்படி வந்தாலும் நம் ஆசிரியர்கள் தேர்வெழுதி வைத்திருந்தால் நட்டம் ஒன்றுமில்லை.

அப்புறம் நியமனத்தில் சாதி, சிபாரிசு, "நன்கொடை" என்று ஊரில் ஓடும் பேச்சு. சில இடத்தில் உண்மை, சில இடத்தில் புரளி. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: மதிப்பெண் முறையை முன்கூட்டியே வெளியிடுங்கள், நேர்காணல் குழுவில் வெளி மறைமாவட்டத்தார் ஒருவர், முடிவைக் காரணத்தோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். தலித் கிறிஸ்தவ விண்ணப்பதாரருக்கு எவ்வளவு இடம் என்று எண்ணில் எழுதுங்கள், "முன்னுரிமை தரப்படும்" என்று எழுதினால் யாரும் எதற்கும் பொறுப்பில்லை.

பணம்

சம்பளம் அரசு தரும், கட்டடம் நம் தலையில். வெளிநாட்டு உதவியை நம்பிக் கணக்குப் போட்ட காலம் முடிந்தது, வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவே முடியாது. உதவிபெறும் பள்ளிகளில் வேலை செய்யும் குருக்கள், சகோதரிகளின் சம்பளத்துக்கும் வருமான வரிப் பிடித்தம் உண்டு என்பது 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது, அந்தச் சம்பளத்தை வைத்துத்தான் பல இல்லங்கள் ஓடுகின்றன. மெட்ரிக் பள்ளிக் கட்டணத்தையும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, கட்டண நிர்ணயக் குழு இருக்கிறது. மிஞ்சுவது ஒரு வழி: வசதியான பள்ளிகள் உபரிப் பணத்தில் ஒரு பகுதியை மறைமாவட்டப் பொது நிதிக்குத் தர வேண்டும், அது தமிழ்வழிப் பள்ளிகளின் பராமரிப்புக்கு மட்டும் போக வேண்டும், கணக்கை நிதிக்குழுவில் ஆண்டுக்கு ஒருமுறை எல்லாத் தாளாளர்களுக்கும் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இரண்டாம் ஆண்டே தரமாட்டார்கள்.

முதல் ஆண்டுச் செலவு எதற்கு என்று வாக்குவாதம் வேண்டாம். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று, மதில், கழிவறை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் உதவிபெறும் பள்ளி ஒன்றின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். ஸ்மார்ட் போர்டு அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம்.

மாற்றல் வந்தால்?

நம் திட்டங்களைக் கொல்வது பெரும்பாலும் மே மாத மாற்றல் பட்டியல். பங்குத்தந்தைதான் தாளாளர், ஐந்தாண்டில் அவர் போவார், வருபவருக்குக் கோயில் கட்டுவதில் ஆர்வம். இதைத் தவிர்க்க இரண்டு ஏற்பாடு. பள்ளிக்கு ஒரு குழு, அதில் பாதிக்கு மேல் பொதுநிலையினர், முன்னாள் மாணவர், ஒரு பெற்றோர், ஓய்வுபெற்ற கல்வி அலுவலர் ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். இரண்டாவது, பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் சாவிக்கொத்தோடு பள்ளித் தாளும் கைமாற வேண்டும், எந்த முடிவு எந்தத் தேதிக்குள் என்ற பட்டியலோடு, இருவர் கையெழுத்தோடு.

ஆயருக்கும் இது பொருந்தும். 75 வயதில் அவர் பணி விலகல் கடிதம் தர வேண்டும், அடுத்தவர் வருவதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம், இடையில் ஆயர் இடம் காலியாக இருக்கும்போது புதிதாக எதையும் மாற்றக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம் 428. உங்கள் ஆயருக்கு இப்போது 72 அல்லது 73 என்றால், இணைப்பு, மூடல், பொது நிதி இந்த மூன்றையும் எழுத்துபூர்வ ஆணையாக இந்த ஆண்டே வாங்கிவிடுங்கள்.

ஆண்டுப் பரிசீலனையை ஆகஸ்ட் கடைசியில் வையுங்கள், பணியிட நிர்ணய எண்கள் அப்போது கையில் இருக்கும். ஆவணம் பன்னிரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம், தமிழில் இருக்கட்டும், பள்ளிவாரி முடிவுகள் முதல் பக்கத்தில். தொலைநோக்கு வாசகம் பன்னிரண்டாம் பக்கத்தில் நான்கு வரி.